சோழியும் சென்சாரும்

புதுவைப் பள்ளிகளின் வாசலில் ரோபாட்டிக்ஸ் வந்து நிற்கிறது. கருவியோடு கூடவே விஞ்ஞான மனோபாவமும் உள்ளே வருவதற்கு நாம் செய்யவேண்டியது என்ன?

புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பிக்கொண்டு, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டுகிறார். ஏட்டைப் புரட்டும் அவசியம் அவருக்கு இல்லை. சொற்களாகவும் அசைகளாகவும் கட்டி நெஞ்சில் இருத்திய எண்களின் அட்டவணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வர, அவற்றுக்கு ஏற்பச் சோழிகள் கூடியும் குறைந்தும் இடம் மாறியும் போக, கிரகணம் பிடிக்கும் வேளையும் விடும் வேளையும் தரையின்மேலேயே விடைகளாக வந்து நிற்கின்றன. இதைக் கண்டு எழுதிவைத்தவர், சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை முன்னர் வகித்த ஜான் வாரன். 1825-இல் வெளியான ‘கால சங்கலித’ என்ற தம் நூலில் அந்தக் கணிதரின் பெயரைச் சாமிநாதன் சேஷையா என்று நாம் படிக்கத்தக்கவாறு பதிவு செய்த வாரன், அவ்வாண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நேர்ந்த கிரகணத்துக்கு அவர் சொன்ன கணக்கையும் தந்திருக்கிறார். உண்மையோடு ஒப்பிட்டால், தொடக்கத்தில் 4 நிமிஷமும், மத்தியில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுமே வித்தியாசம்.

அதே இடத்தில் வாரன் இன்னொரு செய்தியையும் சொல்கிறார். அந்தக் கணிதரின் ஞாபக சக்தி அபாரமானது. ஆயினும் தாம் செய்யும் கணக்குக்கு ஆதாரமான சித்தாந்தம் அவருக்குச் சிறிதும் தெரியாது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இந்த நிகழ்ச்சியை நினைவுகூர்வதற்குத் தக்க காரணம் உண்டு. பெட்டியைப் பிரித்து, படத்தில் கண்டபடி சக்கரத்தையும் மோட்டாரையும் பூட்டி, கொடுத்திருக்கும் புரோகிராமை ஏற்றி, கறுப்புக் கோட்டின்மேல் தானாக ஓடும் சிறு வண்டியைச் செய்து முடிக்கும் இன்றைய மாணாக்கன், கைத்திறனில் சேஷையாவுக்குச் சளைத்தவன் அல்லன். ஆனால் அந்த வண்டி கோட்டை விட்டு விலகாமல் இருப்பது எதனால் என்று கேட்கும்போது அவன் வாய் திறவாமல் நிற்பானாயின், அவனும் சித்தாந்தம் அறியாத கணிதனாகவே வளர்கிறான். செய்முறையைப் புகட்டுவது சுலபம்; அளந்து பார்த்து, பிழையைக் குறித்துவைத்து, அது ஏன் நேர்ந்தது என்று வினவும் பழக்கத்தை ஒரு பள்ளியின் அன்றாட ஒழுக்கமாக ஆக்குவதே கடினம். அந்தக் கடினமான காரியத்தைச் செய்யாதவரை, எத்தனை லட்சம் ரூபாய்க்குக் கருவிகள் வாங்கினாலும் பள்ளியில் விஞ்ஞானம் குடிகொண்டதாகச் சொல்ல இயலாது.

நம் மரபில் பிழையைத் திருத்தும் குணம் இல்லாமற் போகவில்லை. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு காலம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கை 1431-இல் ‘திருக்கணிதம்’ என்று திருத்தி அமைத்தார். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியும், வானத்தில் பிரத்தியட்சமாகக் காண்பதோடு பஞ்சாங்கம் ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடினார். இன்றும் நம் இல்லங்களில், மனனம் செய்த பழைய வாக்கியக் கணக்கா, கண்டு திருத்திய திருக்கணிதமா என்று நடக்கும் பேச்சு, அந்தப் பழைய விவாதத்தின் தொடர்ச்சியேயாகும்.

பெட்டிச் செய்தி: புதுவையும் வானமும்

• 1689 டிசம்பர்: ஏசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, வால்நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியில் கவனித்துவரும்போது, ஆல்ஃபா செண்டாரி ஒற்றை நட்சத்திரம் அன்று, இரட்டை என்பதைப் புதுச்சேரியிலிருந்து கண்டறிந்தார்.

• 1761: சூரியனைச் சுக்கிரன் கடக்கும் காட்சியைப் பார்க்கப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீயால், புதுவை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையிறங்க முடியவில்லை.

• 1769 ஜூன் 4: எட்டாண்டு காத்திருந்து, புதுவையிலேயே வானாய்வு நிலையம் அமைத்துக்கொண்ட அவருக்கு, அந்த விடியற்காலையில் மேகம் மறைத்துவிட்டது.

• புதுவையில் தங்கிய காலத்தில் அவர் ஒரு தமிழரிடம் நம் கணித முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்தும், ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டியும் காட்டின என்று எழுதிவைத்தார்.

வகுப்புக்கு வந்த யந்திரம்

பின்னணியைச் சுருங்கச் சொல்லிவிடலாம். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் தனித்தனிப் பாத்திகளாகப் பிரிக்காமல் ஒருங்கே கற்பிக்கும் முறையைத்தான் உலகம் ‘ஸ்டெம்’ என்று அழைக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே கோடிங் கற்பிக்கச் சொல்கிறது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய அண்டை மாநிலங்களின் பாடத்திட்டங்களைப் பிரதேசத்துக்கு ஏற்பப் பின்பற்றிவந்த புதுச்சேரி அரசுப் பள்ளிகள், 2023–24 கல்வியாண்டில் மேல்வகுப்புகளைச் சி.பி.எஸ்.இ. முறைக்கு மாற்றத் தொடங்கின. இந்த மாற்றங்களோடு, ரோபாட்டிக்ஸ் கற்பிக்கிறோம் என்ற விளம்பரப் பலகைகளும் தனியார் பள்ளிகளின் முகப்பில் ஏறின. தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற கவலை பெற்றோரைப் பற்றிக்கொண்டது.

பெட்டிச் செய்தி: அடல் டிங்கரிங் லேப்

• நீதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ் 2016 முதல் பள்ளிகளில் அமைக்கப்படுகிறது.

• 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு உரியது.

• ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை: கருவிகளுக்கு 10 லட்சம், ஐந்தாண்டு நடைமுறைச் செலவுக்கு 10 லட்சம்.

• நாடெங்கும் 10,000 ஆய்வகங்கள் அமைந்தன. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டில் மேலும் 50,000 என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது.

இரண்டு ஆணிகளின் பாடம்

கருவி கல்வியாவது எப்படி என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பள்ளித் தோட்டத்துக் கத்தரிச் செடிக்குத் தாகம் எடுக்கும்போது தானாகவே நீர் பாய வேண்டும் என்று பிள்ளைகள் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆணிகளை மண்ணில் நட்டு, அவற்றின் இடையே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஈர மண் அதை எளிதில் கடத்தும். காய்ந்த மண் தடுக்கும். அந்த வேற்றுமையை ஆர்டுயினோ என்னும் சிறு பலகை எண்ணாக வாசிக்கும். எண் ஓர் எல்லையைக் கடந்ததும் ரிலே மின்சுற்றை இணைக்க, குட்டிப் பம்பு ஓடும். ஒரே பிற்பகலில் செய்து முடிக்கலாம். கண்காட்சியில் வைத்தால் கைதட்டலும் கிடைக்கும்.

உண்மையான பாடம் சில வாரங்களுக்குப் பின்பே தொடங்குகிறது. பம்பு வேளை கெட்ட வேளையில் ஓடுகிறது. மண் நனைந்திருக்கும்போதே காய்ந்ததாக எண் காட்டுகிறது. பிடுங்கிப் பார்த்தால், ஓர் ஆணி மற்றதைவிட மிகுதியாக அரித்துப்போயிருக்கிறது. இடையறாது ஒரே திசையில் பாய்ந்த மின்சாரம் ஆணியின் உலோகத்தை மண்ணின் ஈரத்தில் கரைத்துவிட்டது என்பதையும், அளக்கும் ஒரு கணம் மட்டும் மின்சாரம் தந்து மற்ற வேளையில் நிறுத்திவைத்தால் ஆணி நெடுநாள் உழைக்கும் என்பதையும், புத்தகத்தில் மின்பகுப்பு என்று படித்த ரசாயனம் தன் தோட்டத்திலேயே நடந்திருக்கிறது என்பதையும் ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்குமானால், அது பெற்ற ஞானம் பரீட்சை முடிந்ததும் அழிந்துபோகும் ஞானம் அன்று.

ஆகவே, ஓடாத பம்புதான் சிறந்த ஆசிரியர். ஆனால் நம் பள்ளிகளில் ஓடாத யந்திரத்துக்கு மதிப்பெண் இல்லை. கண்காட்சிக்கு முந்திய நாள் அதை ஒதுக்கிவிட்டு, கடையில் வாங்கிய வேறொன்றை வைத்துச் சமாளிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கல்விமுறையைக் குறை கூறிய நாமே, இப்போது பெட்டிச் சுரைக்காயை விலை கொடுத்து வாங்குகிறோம்.

கடலும் கிணறும் பாடமாகும்போது

நிலைத்த வாழ்வு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று நாம் போதிக்கும் விஷயமும் இதே நோய்க்கு ஆளாகியிருக்கிறது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால் சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாயிற்று. ஆயினும், ஜூன் 5-ஆம் தேதி ஒரு மரக்கன்று, ஒரு பேரணி, ஓர் ஓவியப் போட்டி என்ற அளவில் அது பல இடங்களில் சடங்காகச் சுருங்கிவிட்டது. துருவக் கரடியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதும் குழந்தைக்கு, தன் தெருவின் போர்வெல் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தக் கல்வியால் யாது பயன்?

புதுவையைப் போல் இயற்கையே ஆய்வகமாக விரிந்துகிடக்கும் நகரம் அரிது. கடற்கரைச் சாலையில் நடக்கும் பிள்ளைக்கு ஒரு பெரிய பொறியியல் சரித்திரமே கண்முன் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் துறைமுக முகத்துவாரத்தில் எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலோட்டத்தை வழிமறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே, நகரத்தின் முன்னிருந்த மணற்பரப்பு கரைந்துபோய், கருங்கற்கள் மட்டும் எஞ்சின. கற்களைக் கொட்டிக் கரையைக் காத்த இடத்துக்கு வடக்கே, மீனவர் குப்பங்களை அலை அரித்தது. ‘பாண்டிகேன்’ என்ற குடிமக்கள் அமைப்பு இதைப் பல்லாண்டு எடுத்துரைத்தது. பின்னர்ச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் ஆப்பு வடிவமான இரும்புச் செயற்கைத் திட்டு ஒன்றைக் கடலில் அமர்த்தியது. காந்தி சிலைக்கு அருகே மணல் மீண்டும் சேர்ந்தது. ஒரு தொட்டியில் மணலும் நீரும் இட்டு, பலகையால் அலை எழுப்பி, குறுக்கே ஒரு செங்கல்லை வைத்துப் பார்த்தால், மணல் எந்தப் பக்கம் சேர்கிறது, எந்தப் பக்கம் கரைகிறது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளையே கண்டுகொள்ளும். ஓரிடத்தைக் காக்கும் உபாயம் மற்றோரிடத்துக்குக் கேடாகலாம் என்ற பேருண்மை, அறிவுரையாகச் சொல்லப்படாமல் அனுபவமாக அதன் மனத்தில் பதியும்.

கிணற்று நீரும் அப்படியே. கரையோரம் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சும்போது, அந்த இடத்தைக் கடல் நீர் வந்து நிரப்புகிறது. நீரில் கரைந்த உப்புகளை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு நீரை மாதம் ஒருமுறை அளந்துவந்து, வகுப்புச் சுவரிலுள்ள தெருப்படத்தில் எண்ணைக் குறிக்கலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம் என்பதும், வேறு நீராதாரம் இல்லாவிடத்து 2,000 வரை அனுமதிக்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. மழைக்கு முன் ஒரு படம், மழைக்குப் பின் ஒரு படம் என்று இரண்டையும் ஒப்பிட்டாலே, ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நிரம்புவது நகரத்தின் குழாய்க்கு எவ்விதம் சம்பந்தப்பட்டது என்ற வினா தானாக எழும்.

பெட்டிச் செய்தி: ஒரு மொட்டைமாடியின் கணக்கு

• 2024 நவம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, புதுவையில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. ஓராண்டின் சராசரி மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இது.

• 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 45 செ.மீ. மழை பெய்தால் சேரும் நீர்: 100 × 0.45 = 45 கன மீட்டர், அதாவது 45,000 லிட்டர்.

• உங்கள் பள்ளியின் மாடி எத்தனை சதுர மீட்டர்? அந்த நீர் எங்கே போயிற்று?

இடையஞ்சாவடியிலிருந்து ஒரு பாடம்

புதுவைக்கு வடக்கே, ஆரோவில்லை ஒட்டிய இடையஞ்சாவடியில் உதவி என்ற பள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் பொறியியல் துறையில் பணியாற்றித் திரும்பிய சஞ்சீவ் ரங்கநாதன், அங்கும் அருகிலுள்ள இசையம்பலம் பள்ளியிலும் ‘ஸ்டெம் லேண்ட்’ என்ற முயற்சியை நடத்திவருகிறார். அங்கே கருவிகளைவிடக் கவனிக்கத்தக்கது, பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே வாரந்தோறும் இலக்கு வகுத்துக்கொள்ளும் முறையாகும். தனியாகவோ இருவராகவோ குழுவாகவோ அவர்கள் கணிதத்தைப் பொருள்களைக் கையாண்டு கற்கிறார்கள். ஸ்கிராட்ச், ஜியோஜீப்ரா போன்ற கட்டணமில்லா மென்பொருள்களில் தாமே விளையாட்டுகளையும் விளக்கப்படங்களையும் ஆக்குகிறார்கள். உடனிருந்து உதவும் இளம் பொறியாளர்களும் தங்கள் நேரத்தில் ஒரு பகுதியைத் தாம் கற்பதற்கே ஒதுக்குகிறார்கள். கற்றுக்கொண்டிருப்பவரே கற்பிக்க வல்லவர் என்ற பழைய உண்மை அங்கே நடைமுறையாயிருக்கிறது.

நகரத்துக்கு உள்ளேயும் இத்தகைய மரபுக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீ அன்னை 1943 டிசம்பர் 2-இல் அரவிந்தர் ஆசிரமத்தில் தொடங்கிய பள்ளி, பின்னர்ப் பன்னாட்டுக் கல்வி மையமாக வளர்ந்து, மாணாக்கனின் இயல்பான வேகத்துக்கு இடங்கொடுக்கும் கல்வியைப் பல்லாண்டாகப் பேணிவருகிறது. 1980-களின் இறுதியில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தைத் தெருத்தெருவாகக் கொண்டுசென்ற புதுவை அறிவியல் இயக்கம், 1987-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து ‘துளிர்’ என்ற சிறுவர் விஞ்ஞான இதழைத் தந்தது. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரின் பிரச்சினை ஒன்றைத் தாமே ஆராய்ந்து, தாய்மொழியிலேயே எடுத்துரைக்க வழி செய்கிறது. ஆதலால் புதுவை புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. தன்னிடம் உள்ளவற்றை அரசுப் பள்ளியின் அன்றாட வகுப்போடு இணைத்தால் போதும்.

அண்டை மாநிலங்களும் வழிகாட்டுகின்றன. தமிழ்நாடு 2022 நவம்பர் 28-இல் ‘வானவில் மன்றம்’ தொடங்கி, 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புகளுக்குக் கருத்தாளர்களை அனுப்பி எளிய சோதனைகளைச் செய்துகாட்டச் செய்தது. கேரளம் 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்களை அமைத்து, ஆசிரியர்களைப் பழக்கி, அதன் பின்னரே 2025-இல் பத்தாம் வகுப்பு மாணவர் யாவருக்கும் ரோபாட்டிக்ஸைப் பாடமாக்கியது. பல்லாண்டு கேரளப் பாடத்திட்டத்தில் பயின்ற நம் மாஹே பிரதேசம், அந்த மாநிலத்தின் நிலத்தால் சூழப்பட்டிருக்கிறது. அங்கே சென்று பார்த்துவருவது நம் கல்வித் துறைக்குக் கடினமன்று.

விளைவுகளை எண்ணிப் பார்ப்போம்

இந்தக் கல்வி அரசுப் பள்ளிக்குள் வரும்போது கவனிக்கவேண்டியவை ஐந்து. முதலில் ஆசிரியர். தேர்தல் பணி, கணக்கெடுப்பு, படிவங்கள் என்று நாள் கழியும் உபாத்தியாயரிடம், இரண்டு நாள் பயிற்சியும் ஒரு பூட்டிய அறையின் சாவியும் கொடுத்தால், உடைந்துபோனால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் அவர் அறையைத் திறக்கவே தயங்குவார். கருவி உடையலாம், அதற்கு அவர் பொறுப்பாளி அல்லர் என்ற ஒரு சுற்றறிக்கை, பத்துப் பெட்டிக் கருவிகளுக்கு நிகரான பயன் தரும்.

இரண்டாவது, மொழி. பாடநூல் ஆங்கிலத்துக்கு மாறிவரும் இந்தக் காலத்தில், ஐயத்தையும் அனுமானத்தையும் தமிழில் பேச இடமில்லாவிட்டால், குப்பத்துக் குழந்தை வாய் மூடிவிடும். காற்றின் திசையையும் நீரோட்டத்தின் குணத்தையும் தகப்பனிடம் கேட்டு வளரும் அந்தக் குழந்தை, வகுப்பில் எல்லாரையும்விட அதிகம் அறிந்ததாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, பெண்பிள்ளைகள். குழு வேலை என்றதும் திருப்புளி ஆண்பிள்ளை கையிலும், சார்ட் எழுதும் பேனா பெண்பிள்ளை கையிலும் போய்ச் சேர்வதைப் பார்த்தும் பாராதிருப்பது, விஞ்ஞானத்தின் பெயரால் பழைய அநீதிக்கு உயிரூட்டுவதாகும். முறை வைத்து வேலையை மாற்றிக் கொடுப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நான்காவது, குப்பை. ஒரு நாள் கண்காட்சிக்காகச் செய்து எறியும் ரோபோவின் பேட்டரியும் சர்க்யூட் பலகையும், நாம் போதிக்கும் நிலைத்த வாழ்வுக்கே விரோதமானவை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளை மாணாக்கர் தம் ஆய்வகத்திலேயே பின்பற்றிப் பழக வேண்டும். பழைய பிரின்டரைக் கழற்றினால் மோட்டாரும் பற்சக்கரமும் கிடைக்கும். லித்தியம் பேட்டரியை மட்டும் குத்தவோ பிளக்கவோ கூடாது என்பதும் அங்கே கற்கவேண்டிய பாடமே.

ஐந்தாவது, ஏற்றத்தாழ்வு. கட்டணம் செலுத்த வல்ல பள்ளியில் மட்டுமே இந்தக் கல்வி தழைக்குமானால், நாளைய புதுவையில் யந்திரங்களை ஆள்வோர் ஒரு சாரார், அவற்றுக்கு ஏவல் செய்வோர் மறுசாரார் என்று ஆகிவிடும்.

தேவை: இரண்டு பீரியட், ஒரு நோட்டுப் புத்தகம்

கல்வித் துறையின் முன் வைக்கும் கோரிக்கை எளியது. 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு பீரியட்களை எந்தப் பரீட்சைக்காகவும் பறிக்கப்படாத நேரமாக ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரே ஒரு கேள்வியை, தன் தெருவிலிருந்தோ ஏரியிலிருந்தோ கரையிலிருந்தோ எடுத்துக்கொள்ள வேண்டும். சென்சாரும் மோட்டாரும் அந்தக் கேள்விக்கு ஊழியம் செய்ய வேண்டுமேயன்றி, கருவிக்காகக் கேள்வியைத் தேடக் கூடாது. ஒவ்வொரு மாணாக்கரிடமும் பிழைக் குறிப்பேடு ஒன்று இருக்க வேண்டும்: என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, வித்தியாசம் எவ்வளவு, காரணம் யாதாக இருக்கலாம் என்ற நான்கு பத்திகளும் தேதியோடு நிரம்ப வேண்டும். ஆண்டிறுதிக் கண்காட்சியில் ஓடும் யந்திரத்துக்கு வழங்கும் பரிசை, மிக நேர்மையாக எழுதப்பட்ட குறிப்பேட்டுக்கும் வழங்க வேண்டும்.

சேஷையாவின் கணக்கில் நேர்ந்த நான்கு நிமிஷமும் ஐம்பத்திரண்டு நிமிஷமும் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஒருவர் அவற்றை எழுதிவைத்ததுதான். எழுதப்பட்ட பிழையை அடுத்தவர் திருத்தலாம். மறைக்கப்பட்ட பிழை பரம்பரையாகத் தொடரும். பரீட்சையில் தவறியதற்காகத் தலைகுனியும்படி பழக்கிவந்த பள்ளி, இனி அளந்து கண்ட தவறைத் தலைநிமிர்ந்து சொல்லப் பழக்குமானால், அங்கிருந்து வெளிவருவோர் பொறியாளராயினும் மீனவராயினும் நகரமன்ற உறுப்பினராயினும், கடலில் கல்லைக் கொட்டுவதற்கு முன் மணல் எந்தப் பக்கம் போகும் என்று கேட்பவர்களாக இருப்பார்கள். புதுவைக்கு வேண்டிய விஞ்ஞானக் கல்வி அதுவே. அதற்கான இரண்டு பீரியட்களை வரும் கல்வியாண்டின் கால அட்டவணையிலேயே எழுதிவிடலாம்.